விற்ற பொருளும் விடாத பிடியும்: பழுதுபார்க்கும் உரிமையின் வரலாறு பற்றி ஒரு நோக்கு

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவன் அதன் உடைமையாளன் ஆகின்றான் என்பது சந்தைச் சமுதாயத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. உடைமை என்னுஞ் சொல், பொருளைப் பயன்படுத்தும் உரிமை, பிறருக்குக் கொடுக்கும் உரிமை, விற்கும் உரிமை ஆகியவற்றோடு, அது பழுதடைந்தவிடத்துத் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் உரிமையையும் தன்னுள் அடக்கியது என்றே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தது. கலப்பையின் கொழு தேய்ந்தால் அதனைக் கொல்லனிடம் கொண்டு செல்வதற்கு எந்த உழவனும் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை. மணிக்கூடு நின்றுவிட்டால், அதனைத் திருத்துபவன் அதனைச் செய்த தொழிற்சாலையின் சம்மதத்தைப் பெற்றிருக்கின்றானா என்று எவரும் வினவியதில்லை. இவ்வுரிமை எழுதப்படாத உரிமையாக இருந்தமைக்குக் காரணம், அதனை மறுக்கக்கூடிய வல்லமை எவருக்கும் இல்லாதிருந்தமையே ஆகும்.

இருபத்தோராம் நூற்றாண்டின் கையடக்கத் தொலைபேசி இந்நிலைமையை மாற்றிவிட்டது. அதன் பற்றரி சில ஆண்டுகளில் வலுவிழக்கும் என்பதைச் செய்தவரும் அறிவர், வாங்குபவரும் அறிவர். ஆயினும், பெரும்பாலான தொலைபேசிகளில் அப்பற்றரி பசையினால் ஒட்டப்பட்டு, உறைக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றது. உரிய உதிரிப்பாகம் எளிதிற் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சில வேளைகளில் மென்பொருள் அதனை ஏற்க மறுக்கின்றது. முழு விலையையுஞ் செலுத்தி வாங்கிய பொருளின் மீது விற்றவனின் பிடி இவ்வாறு தொடர்வது எங்ஙனம்? இது தொழினுட்ப வளர்ச்சியின் தவிர்க்கவியலாத விளைவா? அன்றேல், குறிப்பிட்ட சில பொருளாதார நலன்களின் வெளிப்பாடா? ‘பழுதுபார்க்கும் உரிமை’ என இன்று பெயர்பெற்றுள்ள கோரிக்கையின் வரலாற்றை, அதற்கான போராட்டம் மிகக் கூர்மையாக நடைபெற்ற அமெரிக்க ஐக்கிய நாடுகளை முதன்மையாகக் கொண்டு நோக்கி, இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேய்ந்த கத்திகள் தந்த தீர்ப்பு

பழுதுபார்த்தல் பற்றிய சட்டப் பிணக்குகள் கணினிக் காலத்தில் தோன்றியவை அல்ல. கைத்தொழிற் புரட்சியோடு ஆக்கவுரிமைச் சட்டங்கள் வலுப்பெற்றபோதே அவையும் தோன்றிவிட்டன. ஒரு பொறியைப் புதிதாக ஆக்கும் தனியுரிமை அதனைக் கண்டுபிடித்தவருக்கு உண்டு. அவ்வாறாயின், அப்பொறியின் தேய்ந்த உறுப்பினை மாற்றுதல் ‘ஆக்குதல்’ ஆகுமா?

இவ்வினா 1850 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. பலகைகளை இழைக்கும் வுட்வேர்த் பொறி தொடர்பாக எழுந்த வில்சன் எதிர் சிம்சன் என்னும் வழக்கு அது. பொறி பல ஆண்டுகள் உழைக்கக்கூடியது. ஆனால் அதன் வெட்டும் கத்திகளோ நாள்தோறும் பயன்படுத்தினால் 60 முதல் 90 நாள்களுள் தேய்ந்துவிடும். கத்திகளை மாற்றுதல் புதிய பொறியை ஆக்குவதாகாது. உடையவர் தமது பொறியைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கு வேண்டிய திருத்தமே அது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961 இல் இதே வினா வேறு வடிவில் எழுந்தது. மடித்துத் திறக்கக்கூடிய மோட்டார் வண்டிக் கூரையின் துணி ஏறத்தாழ மூன்று ஆண்டுகளிற் பழுதாகிவிடும். அத்துணியை மாற்றுவதற்கான துணிகளைச் செய்து விற்றவர்கள் ஆக்கவுரிமையை மீறவில்லை என அதே நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாற் கூறியது.

பிரித்தானியாவிலும் இதனையொத்த நிலைப்பாடே உருவாயிற்று. தனது வண்டிகளின் புகைபோக்கிக் குழாய்களைப் பிறர் செய்வது வரைபடங்களின் பதிப்புரிமையை மீறுவதாகும் என பிரித்தானிய லேலண்ட் கம்பனி வாதிட்டது. 1986 இல் பிரபுக்கள் சபை அவ்வாதத்தை நிராகரித்தது. வண்டியை வாங்கியவருக்கு அதனைப் பழுதுபார்க்கும் உரிமை உண்டு. விற்றவர் பதிப்புரிமையைக் கருவியாகக் கொண்டு அவ்வுரிமையைப் பயனற்றதாக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரமாகும்.

இத்தீர்ப்புகளை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. விற்பனையோடு விற்றவரின் அதிகாரம் முடிவடைகின்றது என்னுங் கோட்பாட்டை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப நிலைநாட்டின. ஆனால், அவை திரும்பத் திரும்ப அதனைக் கூறவேண்டியிருந்தது என்பதுதானே, உற்பத்தியாளர் அக்கோட்பாட்டை ஒருபோதும் மனமுவந்து ஏற்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

வாடகைத் தொலைபேசியின் பாடம்

இன்றைய பிணக்கின் மையப்பொருளான தொலைபேசியின் வரலாறு இவ்விடத்தில் தனித்து நோக்கற்பாலது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க இல்லங்களில் இருந்த தொலைபேசிக் கருவி அவ்வில்லத்தாருக்கு உரியதாக இருக்கவில்லை. ஏ.ரி. அன்ட் ரி. கம்பனியின் கீழ் இயங்கிய ‘பெல்’ அமைப்பு தொலைபேசிகளைத் தானே உற்பத்தி செய்து, சந்தாதாரருக்கு வாடகைக்குக் கொடுத்தது. அவற்றைத் திறப்பதற்கோ, அவற்றோடு வேறெந்தக் கருவியையும் பொருத்துவதற்கோ சந்தாதாரருக்கு அனுமதி இருக்கவில்லை.

இக்கட்டுப்பாடு எத்துணை இறுக்கமானதாக இருந்தது என்பதற்கு ‘ஹஷ்-எ-போன்’ வழக்கு எடுத்துக்காட்டாகும். பேசுபவரின் குரல் அருகிலுள்ளோருக்குக் கேளாதவாறு தொலைபேசியின் வாய்ப்பகுதியில் மாட்டும் ஒரு கிண்ணம் போன்ற பொருளே ஹஷ்-எ-போன். மின்னிணைப்பு எதுவும் இல்லாத இப்பொருளையுங்கூடக் கம்பனி தடைசெய்தது. 1956 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடை நியாயமற்றது எனக் கண்டது. 1968 இல், ரெக்சாஸ் மாநிலத்தவரான தோமஸ் கார்ட்டர் என்பவர் வானொலித் தொடர்பாடலைத் தொலைபேசியோடு இணைப்பதற்கு அமைத்த ‘கார்ட்டர்போன்’ கருவி தொடர்பில், கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு வழங்கிய முடிவு அக்கட்டுப்பாட்டை முற்றாகத் தகர்த்தது. வலையமைப்புக்குத் தீங்கு விளைவிக்காத கருவிகளை இணைக்கும் உரிமை சந்தாதாரருக்கு உண்டென அது ஏற்றுக்கொண்டது. பின்னாளில் தொலைநகலும் கணினித் தொடர்பும் பரவுவதற்கு இம்முடிவு வழிகோலியது. வலையமைப்பு பாழாகிவிடும் என்று கம்பனி எழுப்பிய அச்சம் மெய்ப்படவில்லை.

இவ்வரலாற்றின் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. வாடகைக் காலத்துத் தொலைபேசிகள் நீடித்து உழைப்பவையாக இருந்தன. 1950 ஆம் ஆண்டளவிற் புழக்கத்துக்கு வந்த 500 ஆம் இலக்க மொடல் கருவிகள் பல தசாப்தங்கள் உழைத்தன. இதற்குக் காரணம் கம்பனியின் பெருந்தன்மை அன்று. கருவி பழுதடைந்தால் அதனைத் திருத்தும் செலவு கம்பனியையே சார்ந்திருந்தது. ஆகவே பழுதடையாத கருவியைச் செய்வதும், பழுதடைந்தால் எளிதிற் திருத்தக்கூடியதாகச் செய்வதும் அதற்கே இலாபமாயின. 1984 ஜனவரியில் பெல் அமைப்புப் பிரிக்கப்பட்டதைத் தொடர்ந்து மக்கள் கருவிகளை விலைக்கு வாங்கும் வழக்கம் பொதுவாயிற்று. மலிவான, திருத்துவதிலும் எறிந்துவிடுவதே இலாபம் என்று எண்ணத்தக்க தொலைபேசிகளும் சந்தையிற் பெருகின. ஒரு பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைப் பொறியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. பழுதின் செலவை யார் சுமக்கின்றார் என்பதும் தீர்மானிக்கின்றது. வாடகைக் காலத்திற் கம்பனியிடம் அதிகாரமும் இருந்தது, சுமையும் இருந்தது. விற்பனைக் காலத்திற் சுமை வாங்குபவரிடம் வந்துசேர்ந்தது. அதிகாரமும் அவரிடம் வந்துசேர்ந்ததா என்பதே அடுத்து எழும் வினாவாகும்.

உதிரிப்பாகமும் ஏகபோகமும்

பழுதுபார்க்கும் தொழிலுக்குத் திறமை மட்டும் போதாது. உதிரிப்பாகம், கருவி, கையேடு ஆகிய மூன்றும் வேண்டும். இம்மூன்றையுந் தம் கையில் வைத்திருப்போர், சட்டம் எதுவாயினும் அத்தொழிலைத் தம் விருப்பப்படி நடத்தலாம். இதனை முதலில் உணர்ந்து செயற்பட்டவை அமெரிக்காவின் ஏகபோக எதிர்ப்புச் சட்டங்களாகும்.

ஐ.பி.எம். கம்பனி தனது அட்டவணைப் பொறிகளை நெடுங்காலமாக வாடகைக்கே கொடுத்து வந்தது. 1956 ஜனவரியில் அரசோடு ஏற்பட்ட இணக்கத் தீர்ப்பின்படி, பொறிகளை விற்பதற்கும், சுயாதீனமாகப் பழுதுபார்ப்போருக்கு உதிரிப்பாகங்களை வழங்குவதற்கும் அது கடமைப்பட்டது. 1975 இல் நிறைவேற்றப்பட்ட மக்னசன்–மொஸ் உத்தரவாதச் சட்டம் சாதாரண நுகர்வோரை நோக்கியதாகும். குறிப்பிட்ட கம்பனியின் உதிரிப்பாகத்தை அல்லது சேவையை விலைக்குப் பெற்றாலன்றி உத்தரவாதம் செல்லாது என நிபந்தனை விதிப்பதை அது பொதுவாகத் தடைசெய்தது. ஆயினும், ‘இம்முத்திரை கிழிக்கப்பட்டால் உத்தரவாதம் இரத்தாகும்’ என்ற பொருள்படும் ஒட்டுத்தாள்கள் அதன் பின்னரும் மின்னணுப் பொருள்களிற் காணப்பட்டன. 2018 இல் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 6 கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப நேர்ந்தது. சட்டம் இயற்றப்பட்டு 43 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதனை நினைவூட்டவேண்டியிருந்தது என்பது, எழுத்திலுள்ள உரிமைக்கும் நடைமுறைக்கும் இடையிலான தூரத்தைக் காட்டுகின்றது.

1992 இல் உயர் நீதிமன்றம் முடிவு செய்த ஈஸ்ற்மன் கொடாக் வழக்கும் இங்கு குறிப்பிடத்தக்கது. கொடாக் கம்பனியின் நிழற்பிரதி இயந்திரங்களைத் திருத்திவந்த சிறு நிறுவனங்களுக்கு உதிரிப்பாகங்கள் கிடைக்காதவாறு அக்கம்பனி செய்தது. புதிய இயந்திரச் சந்தையிற் போட்டி இருப்பதனால் திருத்தச் சந்தையில் தனக்கு ஏகபோக வலிமை இருக்க முடியாது என்பது அதன் வாதம். இயந்திரத்தை வாங்கிவிட்டவர் அதனைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாறுவது எளிதன்று. எனவே, திருத்தச் சந்தையில் மட்டும் ஏகபோகம் நிலவக்கூடும் என நீதிமன்றம் சுட்டி, வழக்கு விசாரிக்கப்படவேண்டும் என்றது. நுகர்வோன் கட்டுண்டு கிடப்பது வாங்கிய பின்னரே என்னும் இக்கருத்து இன்றைய விவாதத்துக்கும் அடிப்படையாக உள்ளது.

மென்பொருள் என்னும் புதிய பூட்டு

இதுவரை கூறியவை பல்லும் சக்கரமும் கொண்ட பொறிகள் பற்றியவை. பொறிக்குள் மென்பொருள் புகுந்ததும் நிலைமை அடியோடு மாறிற்று. இரும்பை வாங்கியவர் அதற்கு உடைமையாளர் ஆவார். மென்பொருளை வாங்கியவரோ அதனைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே பெற்றவர் எனக் கம்பனிகள் வாதிட்டன. ஒரே பொருளின் ஒரு பாதி விற்கப்பட்டதாகவும் மறுபாதி விற்கப்படாததாகவும் ஆயிற்று.

1993 இல் எம்.ஏ.ஐ. எதிர் பீக் என்னும் வழக்கில், கணினியைத் திருத்த வந்தவர் அதனை இயக்கும்போது மென்பொருள் நினைவகத்தில் ஏறுவதே பிரதி செய்தலாகும். ஆகவே அது பதிப்புரிமை மீறல் என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணினியை இயக்காமல் அதனைத் திருத்துவது எங்ஙனம் என்பது எவருக்கும் எழக்கூடிய ஐயம். 1998 இல் இயற்றப்பட்ட டிஜிற்றல் மிலேனியம் பதிப்புரிமைச் சட்டம் இத்தீர்ப்பினால் ஏற்பட்ட இடரை ஒரு பிரிவினால் நீக்கியது. ஆனால், அதே சட்டத்தின் 1201 ஆம் பிரிவு, மென்பொருளைக் காக்கும் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கியது. ஒரு கையாற் கதவைத் திறந்த சட்டம் மறு கையால் அதனைப் பூட்டியது எனலாம். திரைப்படங்களும் இசைத்தட்டுகளும் திருட்டுத்தனமாகப் பிரதி செய்யப்படுவதைத் தடுப்பதற்கென வகுக்கப்பட்ட இவ்விதி, காலப்போக்கில் உழவு இயந்திரம் முதல் தொலைபேசி வரை அனைத்தையுந் திருத்துவோருக்குத் தடையாக வந்து நின்றது.

இப்பிரிவுக்கு விதிவிலக்கு வேண்டுவோர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காங்கிரஸ் நூலகத்தின் முன் வாதாட வேண்டும். ஒரு வலையமைப்போடு பிணைக்கப்பட்ட கையடக்கத் தொலைபேசியை விடுவிப்பதற்கான விதிவிலக்கு 2012 இல் நீக்கப்பட்டபோது, 1,14,000 பேர் வெள்ளை மாளிகைக்கு மனுச் செய்தனர். 2014 இல் தனிச்சட்டம் ஒன்றினால் அவ்வுரிமை மீட்கப்பட்டது. 2018 இல் தொலைபேசிகளைப் பழுதுபார்ப்பதற்காகப் பூட்டை உடைப்பது விதிவிலக்கினுள் அடங்கிற்று. எனினும், அதற்கு வேண்டிய கருவிகளை விநியோகிப்பதற்கு இவ்விதிவிலக்கு இடமளிக்கவில்லை. திறக்கலாம், ஆனால் திறவுகோலை வழங்கக்கூடாது என்பதே இதன் பொருள்.

மோட்டார் வண்டி காட்டிய வழி

பழுதுபார்க்கும் உரிமைக்கான இயக்கம் தனது முதற் பெருவெற்றியை ஈட்டியது மோட்டார் வண்டித் துறையிலேயே ஆகும். 1990 இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்தின் விளைவாக வண்டிகளிற் குறைகாண் கணினிகள் பொருத்தப்பட்டன. அவற்றின் தகவல்களை உற்பத்தியாளரின் முகவர்களே படிக்கக்கூடியதாக இருந்தால், தெருவோரத் திருத்தகங்கள் அழிந்துபோகும். 2012 நவம்பரில் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் இவ்விடயம் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது, ஏறத்தாழ 86 வீதத்தினர் சுயாதீனத் திருத்தகங்களுக்குத் தகவல் வழங்கப்படவேண்டும் என வாக்களித்தனர். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட சட்டங்கள் தோன்றுவதை விரும்பாத வண்டி உற்பத்தியாளர், 2014 ஜனவரியில் நாடு முழுவதற்குமான உடன்பாடு ஒன்றுக்கு இணங்கினர். ஒரு மாநிலத்தில் ஈட்டிய வெற்றி நாடு முழுவதும் பயன் விளைத்தமை, பின்னர் தொலைபேசித் துறையில் இயங்கியோருக்கு வழிகாட்டியாயிற்று.

கையடக்கத் தொலைபேசியும் கைவிட்டுப்போன உரிமையும்

2000 ஆம் ஆண்டளவில் பரவலாயிருந்த நொக்கியா போன்ற தொலைபேசிகளின் பின்மூடியை விரலாற் கழற்றிப் பற்றரியை மாற்ற முடிந்தது. 2007 இல் வெளிவந்த அப்பிள் கம்பனியின் ஐபோன், பற்றரியை உறைக்குள் அடைத்தது. ஐபோன் 4 இல் ஐந்து இதழ் கொண்ட புதுவகைத் திருகாணிகள் இடம்பெற்றன. அவற்றைத் திறக்கும் திருப்புளி அக்காலத்திற் கடைகளிற் கிடைப்பதாக இருக்கவில்லை. பழுதுபார்ப்பவனைத் தடுப்பதற்கு ஒரு திருகாணியின் தலையே போதுமாயிருந்தது.

இதற்கு எதிரான முயற்சிகளுள் ஒன்று பல்கலைக்கழக மாணவர் விடுதி அறை ஒன்றிலிருந்தே தோன்றியது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 2003 இல் கலிபோர்னியா பல்தொழினுட்பப் பல்கலைக்கழக மாணவர்களான கைல் வீன்ஸ், லூக் சோல்ஸ் ஆகிய இருவரும் தமது கணினியைத் திருத்த முற்பட்டபோது அதற்கான கையேடு எங்கும் கிடைக்கவில்லை. தாமே கையேடு எழுதி எவரும் இலவசமாகப் படிக்குமாறு வெளியிடத் தொடங்கிய அவர்களின் முயற்சி ‘ஐபிக்ஸிற்’ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. ஐரோப்பாவில், 2009 ஒக்டோபரில் அம்ஸ்ரடாம் நகரில் மார்ட்டீன் போஸ்ற்மா தொடங்கிய ‘திருத்தச் சாலை’ ஒன்றுகூடல்கள், பழுதான பொருளோடு வருவோருக்குத் திருத்தத் தெரிந்தோர் ஊதியமின்றிக் கற்பிக்கும் இயக்கமாகப் பல நாடுகளிற் பரவின.

எனினும் பூட்டுகளும் வளர்ந்தன. 2016 இன் தொடக்கத்தில் ‘பிழை 53’ எனப்பட்ட நிகழ்வு பலரதுங் கவனத்தை ஈர்த்தது. விரற்பதிவை உணரும் பொத்தானை வெளியார் மூலம் மாற்றியிருந்த ஐபோன்கள், மென்பொருளைப் புதுப்பித்ததும் முற்றாகச் செயலிழந்தன. கண்டனம் எழுந்த பின்னர் அப்பிள் கம்பனி மன்னிப்புக் கோரி அதனைச் சீர்செய்தது. வெளியாரிடம் திருத்தியவர்களுக்குப் பரிகாரம் இல்லையெனத் தவறாகக் கூறியமைக்காக 2018 இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் அக்கம்பனிக்கு 90 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. 2017 டிசம்பரில், பற்றரி முதுமையடைந்த சில ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்து வந்ததாக அதே கம்பனி ஒப்புக்கொண்டது. கருவி திடீரென நின்றுபோவதைத் தவிர்ப்பதற்கே அவ்வாறு செய்ததாக அது விளக்கமளித்தது. பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. தொலைபேசி மெதுவாக இயங்குவதன் காரணம் பற்றரிதான் என்பது தெரிந்திருந்தால், புதிய தொலைபேசி வாங்காமலே இருந்திருப்போர் பலர். இச்செயலை உரியவாறு அறிவிக்காமைக்காக 2020 இல் பிரான்ஸ் 250 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

இவற்றினும் நுட்பமானது ‘பாகப் பிணைப்பு’ என்னும் முறை. தொலைபேசியின் திரை, பற்றரி, ஒளிப்படக்கருவி முதலிய ஒவ்வொரு பாகத்துக்கும் தொடரிலக்கம் உண்டு. அவ்விலக்கம் குறித்த ஒரு தொலைபேசியோடு மென்பொருளாற் பிணைக்கப்படுகின்றது. அதே கம்பனி செய்த, அதே வகையைச் சேர்ந்த மற்றொரு தொலைபேசியின் அசற் பாகத்தை எடுத்துப் பொருத்தினாலும், கம்பனியின் அனுமதி கிட்டும் வரை எச்சரிக்கை தோன்றும். அல்லது சில செயற்பாடுகள் நின்றுவிடும். 2021 இல் வெளிவந்த ஐபோன் 13 இன் திரையை வெளியார் மாற்றியபோது முகமறியும் வசதி செயலிழந்தது. எதிர்ப்பு எழுந்ததும் இது மென்பொருளால் மாற்றப்பட்டது. கொழுவை மாற்றிய கலப்பை, கொல்லன் யாரென்று கேட்டுவிட்டு உழ மறுத்ததாகக் கற்பனை செய்து பார்த்தால் இம்முறையின் தன்மை விளங்கும். 1850 இன் தீர்ப்பு, கத்தியை மாற்றும் உரிமை உடையவருக்கு உண்டு என்றது. அத்தீர்ப்பை எவரும் மாற்றவில்லை. மாறியது பொறியே.

சட்டங்களின் காலம்

2021 மே மாதத்தில் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, திருத்தத்துக்கான தடைகளை நியாயப்படுத்த உற்பத்தியாளர் முன்வைக்கும் காரணங்களுக்குப் போதிய சான்று இல்லை என அறிக்கையிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அப்பிள் கம்பனி, நுகர்வோர் தாமே திருத்துவதற்கான பாகங்களை விற்கப்போவதாக அறிவித்து, 2022 இல் அதனைத் தொடங்கியது. ஒரு வாரத்துக்கு 49 டொலர் வாடகையில் அனுப்பப்பட்ட கருவித்தொகுதி ஏறத்தாழ 36 கிலோகிராம் எடையுடையதாக இருந்தது. பாகத்தைப் பெறுவதற்குத் தொலைபேசியின் தொடரிலக்கத்தையும் கொடுக்கவேண்டும். உரிமை வழங்கப்பட்டது, ஆனால், பயன்படுத்துவதற்கு எளிதான வடிவில் வழங்கப்படவில்லை.

சட்டமன்றங்கள் இதனோடு அமையவில்லை. 2022 டிசம்பரில் நியூயோர்க் மாநிலம் மின்னணுப் பொருள்களுக்கான சட்டத்தை ஏற்றது. எனினும், இறுதிக் கட்டத்திற் சேர்க்கப்பட்ட திருத்தங்கள் அதனை நலிவுறச் செய்தன. மினசோட்டா, கலிபோர்னியா ஆகியவற்றில் 2023 இல் இயற்றப்பட்ட சட்டங்கள் 2024 யூலை 1 இல் நடைமுறைக்கு வந்தன. 100 டொலருக்குக் குறையாத விலையுள்ள பொருள்களுக்கு, உற்பத்தி நின்ற பின்னரும் 7 ஆண்டுகள் பாகங்களும் கையேடுகளும் கிடைக்கவேண்டும் எனக் கலிபோர்னியாச் சட்டம் விதித்தது. முன்னர் எதிர்த்துவந்த அப்பிள் கம்பனி இச்சட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தது. ஆனால், 2024 மார்ச்சில் ஒரிகன் மாநிலம் பாகப் பிணைப்பையே தடைசெய்ய முற்பட்டபோது அதே கம்பனி எதிர்த்து வாதாடியது. பாகங்களை விற்பதற்கு இணங்கிய கம்பனி, பிணைப்பைக் கைவிட இணங்கவில்லை என்பதிலிருந்து, அதிகாரம் உண்மையில் எங்கே குடிகொண்டுள்ளது என்பது தெளிவாகின்றது. ஒரிகன் சட்டம் நிறைவேறியது. பாகப் பிணைப்பைத் தடைசெய்த முதற் சட்டம் அதுவே.

ஐரோப்பா வேறு வழியைக் கையாண்டது. 2021 இல் பிரான்ஸ், தொலைபேசி முதலிய பொருள்களின் விலையோடு, திருத்துவதற்கு அவை எவ்வளவு இலகுவானவை என்பதைப் பத்துக்குள் மதிப்பிட்டுக் காட்டவேண்டும் என விதித்தது. 2025 யூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு தொலைபேசி வகையின் விற்பனை நிறுத்தப்பட்ட பின்னர் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டும். 5 ஆண்டுகள் மென்பொருள் புதுப்பித்தல் வழங்கப்படவேண்டும். 2024 இல் ஏற்கப்பட்ட மற்றொரு பணிப்புரை, உத்தரவாதக் காலம் கடந்த பின்னரும் நியாயமான விலையிற் திருத்திக் கொடுப்பதை உற்பத்தியாளரின் கடமையாக்கி, 2026 யூலை 31 ஐ அதற்கான நாளாகக் குறித்தது. அமெரிக்கச் சட்டங்கள் திருத்துவோனின் கையிலுள்ள விலங்கை அகற்ற முயல்கின்றன. ஐரோப்பிய விதிகளோ பொருள் ஆக்கப்படும் இடத்துக்கே சென்று அதன் அமைப்பை மாற்ற முயல்கின்றன எனலாம்.

உற்பத்தியாளரின் வாதங்கள்

உற்பத்தியாளரின் வாதங்களையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். லிதியம் பற்றரியைத் துளைத்துவிட்டால் அது தீப்பற்றக்கூடும் என்பது உண்மை. திருடப்பட்ட தொலைபேசிகள் பாகம் பாகமாகப் பிரித்து விற்கப்படுவதைப் பிணைப்பு ஓரளவு தடுக்கும் என்பதும் மறுக்கற்பாலதன்று. நீர் புகாத மெல்லிய கருவியை நுகர்வோர் விரும்புகின்றனர் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால், இவ்வாதங்கள் எதனை நியாயப்படுத்துகின்றன என்பதே கேள்வி. பற்றரி ஆபத்தானது என்பது கையேட்டை வெளியிடுவதற்குரிய காரணமேயன்றி மறைப்பதற்குரிய காரணமாகாது. மக்கள் தமது வண்டியின் தடுப்பை ஊர்த் திருத்தகத்திற் சீர்செய்துகொள்கின்றனர். உயிரோடு தொடர்புடைய அத்தொழிலே அனுமதிக்கப்படும்போது தொலைபேசித் திரையை மாற்றுவது பேராபத்தாகாது. ஹஷ்-எ-போன் என்னும் கிண்ணத்தையிட்டுக் கூறப்பட்ட அச்சங்களை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும்.

இவ்விடயம் நுகர்வோனின் பணப்பையோடு மட்டும் தொடர்புடையதன்று. 2022 இல் உலகெங்கும் 620 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு உண்டானதாகவும், அதில் 22.3 வீதமே முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. ஒரு தொலைபேசி சூழலுக்கு விளைக்கும் கேட்டின் பெரும்பகுதி அதனை உற்பத்தி செய்யும்போதே நிகழ்ந்துவிடுகின்றது. எனவே, இருக்கும் தொலைபேசியை மேலும் சில ஆண்டுகள் உழைக்கச் செய்வதே அக்கேட்டைக் குறைக்கும் நேரிய வழியாகும்.

இவற்றைத் தாமே உற்பத்தி செய்யாது இறக்குமதி செய்யும் நாடுகளுக்கு இவ்வரலாறு இன்னுமொரு வகையில் முக்கியமானது. ஒரு புதிய தொலைபேசி வாங்கப்படும்போது அந்நியச் செலாவணி வெளியேறுகின்றது. ஒரு பழைய தொலைபேசி திருத்தப்படும்போது உள்ளூர் உழைப்புக்கு ஊதியம் கிடைக்கின்றது. 2022 இல் இலங்கையில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது இவ்வேறுபாடு ஏட்டுப் பொருளியலாக இருக்கவில்லை. சிறு நகரங்களின் தொலைபேசித் திருத்தகங்களில், உருப்பெருக்கியின் கீழ் நுண்ணிய பாகங்களைப் பற்றவைக்கும் இளைஞர்கள் பெற்றிருக்கும் திறன் எளிதானதன்று. அத்திறனைப் பயனற்றதாக்கும் ஆற்றல் தொலைவிலுள்ள ஒரு கம்பனியின் மென்பொருளுக்கு உண்டு. ஒரிகனின் சட்டமோ ஐரோப்பாவின் விதியோ இந்நாடுகளைக் கட்டுப்படுத்தாது. ஆயினும், அச்சந்தைகளுக்காகத் தொலைபேசியின் அமைப்பே மாற்றப்படின் அம்மாற்றம் இங்கு வரும் கருவிகளிலும் வந்துசேரும். மென்பொருட் பூட்டுகளும் விலக்குகளும் நாட்டுக்கு நாடு வேறுபடலாம். அவற்றைப் பொறுத்தவரை இந்நாடுகள் தமக்கெனச் சட்டம் இயற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பழுதுபார்க்கும் உரிமை புதிதாகக் கேட்கப்படும் சலுகை அன்று என்பது புலனாகும். அது உடைமையின் பழைய பகுதி ஒன்று. விற்பனை முடிந்த பின்னரும் பொருளின் மீது அதிகாரத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் முயற்சி, ஆக்கவுரிமை, வாடகை, உதிரிப்பாக ஏகபோகம், பதிப்புரிமை, பாகப் பிணைப்பு எனக் காலத்துக்கேற்ற வடிவங்களை எடுத்து வந்துள்ளது. ஒரு வடிவம் தோல்வியுற்றதும் அடுத்தது தோன்றியது. ஆகவே, இன்று இயற்றப்பட்டுள்ள சட்டங்களோடு இவ்வரலாறு முடிவடையும் என எண்ணுவதற்கு இடமில்லை.

வாடகைத் தொலைபேசிக் காலத்தில் உரிமையற்றிருந்த சந்தாதாரர், பழுதின் சுமையிலிருந்தாவது விடுபட்டிருந்தார். இன்றைய நுகர்வோர் விலையையும் கொடுத்து, பழுதின் சுமையையும் ஏற்று, அதிகாரத்தை மட்டும் பெறாதவராக நிற்கின்றார். சுமையை ஏற்றவரிடமே அதிகாரமும் இருத்தல் வேண்டும் என்பதே பழுதுபார்க்கும் உரிமைக் கோரிக்கையின் முழுப்பொருளாகும். பலகை இழைக்கும் பொறியின் கத்தி பற்றிய வழக்கில் ஏற்கப்பட்ட அந்நியாயம், கையில் அடங்கும் தொலைபேசிக்கு மறுக்கப்படுவதற்கு வரலாற்றில் எவ்வித ஆதாரமும் இல்லை.